வலது மூலையில் ஹேமலதா

"ஃபேன ஆஃப் பண்ணுங்க, ஷூட்டு" என்றான் ராஜவேல். கேமரா, எடிட்டிங் இரண்டும் அவன்தான். பச்சைத் துணி முன்னால் நின்ற ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. அறிவியல் வீடியோக்களின் வலது மூலையில் நின்று, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடத்தைச் சைகையில் சொல்வது அவள் வேலை. அதில் சத்தமே கிடையாது. இருந்தாலும் ஃபேன் நின்றால்தான் ராஜவேலுக்கு ஷூட்டிங் மாதிரி இருக்கும். வியர்க்க வியர்க்க நின்றாள்.

அன்றைக்குத் திரவ அழுத்தம். அதற்கு என்ன சைகை என்று பிடிபடவில்லை. வேலையைப் பாதியில் நிறுத்தி, சாயங்காலம் வைத்திக்குப்பத்தில் அபி வீட்டுக்குப் போனாள்.

அபிக்குக் காது கேட்காது. பள்ளியில் சைகை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. போன வருஷம் அறிவியலில் தவறி, ஒன்பதாவதையே மறுபடி படிக்கிறாள். இந்த வீடியோக்களைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

அழுத்தம் என்றதும் அபியின் கைகள் பரபரத்தன. கடலில் முங்கினால் காது வலிக்கிறதே, கேட்காத காது எதற்கு வலிக்க வேண்டும்?

ஹேமலதா விளக்கினாள். அபி யோசித்து, ஒரு கையை முஷ்டியாக்கிக் கீழே இறக்கினாள். இறங்க இறங்க மற்றக் கை அதைச் சுற்றி இறுகியது. இதுதான், இதேதான் என்று ஹேமலதா துள்ளினாள்.

அபியின் அம்மா மேனகா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, ரெண்டு பேரும் காத்துல கொழுக்கட்ட புடிக்கிறீங்க? இந்தத் தடவயும் ஃபெயிலானா எங்கூட மார்க்கெட்டுக்குத்தான் வரணும், சொல்லிட்டேன்."

அந்தச் சைகையோடு எடுத்த வீடியோ அடுத்த மாதம் வந்தது. அபியின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஹேமலதாவும் பார்த்தாள். மூலையில் அவள் முகம் பளிச்சென்று இருந்தது. கழுத்துக்குக் கீழே வீடியோ தயாரிக்கிற கம்பெனியின் வட்டச் சின்னம். உடனே போனை எடுத்தாள்.

"ராஜவேல், என் கை எங்க?"

"லோகோ வெக்கச் சொன்னாங்க மேடம். உங்க மூஞ்சிய மறைக்காமத்தான் வெச்சேன்."

"பாடமே கையிலதான இருக்கு!"

"எல்லாப் பாடத்திலயும் அப்படித்தான் மேடம் வெச்சிருக்கேன். ஓகே பண்ணி வாங்கிக்கினாங்க. இனிமே மாத்த வுட மாட்டாங்க."

ஹேமலதா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அபி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது சின்னத்தின் விளிம்பில் ஒரு விரல் நுனி எட்டிப்பார்த்தது. ஒவ்வொரு முறையும் வீடியோவை அங்கே நிறுத்தி, அது என்ன சொல்லியிருக்கும் என்று தன் கையால் செய்து பார்த்தாள்.