பதிமூன்றுக்கு என்ன கிரேடு?

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். வெளிநாட்டில் ஒரு வருடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் மதிப்பெண்ணை இங்குள்ள கிரேடாக மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. முள் எந்தப் பக்கமும் சாயாதாம்! அந்தப் பெருமையில்தான் வந்தது வினை.

அந்த நாட்டில் இருபதுக்கு மதிப்பெண் போடுவார்கள். போடுகிற கையோ மகா கஞ்சக் கை. பதினாறு வாங்கினாலே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பதிமூன்று என்பது எல்லைக்கோடு. அதற்கு ஏ கொடுக்கலாம், பி-யும் கொடுக்கலாம், மாற்றுகிறவர் மனசு. தராசு எப்போதும் ஏ-தான் கொடுப்பார். "அங்க பதிமூணு வாங்குறதே குதிரைக்கொம்பு. பாவம், பிள்ளைங்க வயித்துல ஏன் அடிக்கணும்?" என்பார்.

இந்த வருடம் அவருடைய மகளே போய்ப் படித்துவிட்டு வந்தாள். முக்கியமான பாடத்தில் பதிமூன்று. அவளுடைய கோப்பை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். 'என் கை நடுங்குமா என்ன?' என்ற வீம்பு விடவில்லை. அன்று காலையில்தான் பக்கத்து மேசைக்காரர், "இந்த வருஷம் நம்ம வீட்டுப் பொண்ணு காட்டுல மழைதான் போலிருக்கே சார்!" என்று சிரித்திருந்தார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே! தராசு பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரிகூட இருந்தது, அந்த மடையனுக்கு.

மகள் தன்னையே நொந்துகொண்டாள். "இன்னும் நல்லாப் படிச்சிருக்கணும்ப்பா." ஆராய்ச்சிக்கு இருந்தது ஒரே ஒரு இடம், அதற்காகத்தான் அவள் தூக்கம் கெட்டுப் படித்தாள். மயிரிழையில் அது அவளோடு சேர்ந்து போய்ப் படித்த தோழிக்குப் போயிற்று. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

வாழ்த்துச் சொல்லப் போன மகளிடம் தோழி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்: "அந்தப் பாடத்துல பதிமூணுதான்டி வாங்கினேன். உங்கப்பா புண்ணியத்துல ஏ ஆச்சு."

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"அவளுக்கும் நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அதே பாடம். அதே மார்க்கு."

"பொண்ணுக்குச் சலுகை காட்டிட்டான்னு யாரும் ஒரு வார்த்தை..."

சமையலறையிலிருந்து அவள் அம்மா கரண்டியோடு வந்தாள். "ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. நீங்க தன் பிள்ளை தட்டைப் பிடுங்கில்ல ஊட்டியிருக்கீங்க, பாவி மனுஷா!"

"விடும்மா" என்று மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அவரோடு பேச்சில்லை.

அடுத்த வாரம் அலுவலக ஜன்னலில் நல்ல கூட்டம். தலை நிமிராமலே "அடுத்து" என்றார். விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு நின்றது மகள்.

"சார், என் கிரேடை மறுபடியும் பாக்கணும்."

சார்! அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுல சொல்லியிருக்கலாமேம்மா."

"அது சலுகை ஆயிடும் சார். வரிசையில நின்னுதான் வந்தேன்."

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது தராசுக்கு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போதோ போய்விட்டது. ஆனால் தேதி தாண்டி வந்த எந்தப் பிள்ளையையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

"தேதி போயிடுச்சு. பரவாயில்ல, குடுத்துட்டுப் போம்மா. மேல பேசிப் பாக்குறேன்" என்றார். எல்லோருக்கும் சொல்வதுதான்.

அவள் முகம் அப்போதுதான் உடைந்தது.

"இடம்தான் போயிடுச்சே, இனிமே என்னத்தப் பேசறது? மத்தவங்க கிட்ட எப்படிப் பேசுவீங்கன்னு கேக்கணும்னு தோணுச்சு. அதான் வந்தேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அன்னிக்கும் என்னை யாரோ பெத்த பொண்ணா நெனச்சிருக்கக் கூடாதாப்பா?"

விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

'அடுத்து' என்று கூப்பிட அவர் வாயைத் திறந்தார். கூப்பிடாமலே ஜன்னலைச் சாத்தினார்.