டிஷ்யூ பாக்கெட் பிடித்த இடம்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் இருந்த அந்தக் கல்லூரிக்கு விடுதி கிடையாது. பெக்கோக்கிலிருந்தும் பாலோவிலிருந்தும் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் கிளம்பி வருகிற பிள்ளைகள், காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் நடுவே எங்கேதான் போவார்கள்? படிக்கட்டில் உட்கார்ந்தால் காவலர் விரட்டுவார். கேண்டீனில் வாங்கிய தே ஓ ஐஸ், அதுதான் பால் விடாத ஐஸ் டீ, தீர்ந்ததும் கடைக்காரர் முறைப்பார்.

அந்தப் படிக்கட்டை உட்கார்ந்தே தேய்த்தவர்களில் பாலோவிலிருந்து வந்த ரூபினியும் ஒருத்தி. இப்போது அவள் கட்டடக் கலைஞர். அதே கல்லூரிக்குப் புது வளாகம் வரையச் சொன்னதும், நடுவில் பெரிய முற்றத்தைப் போட்டுவிட்டுத்தான் வகுப்பறைகளுக்கே இடம் தேடினாள். மரநிழல், கூரை போட்ட பெஞ்சுகள், ஃபோனுக்குச் சார்ஜ் போட பிளக்.

பாதி முற்றம் முடிந்து, பிள்ளைகள் அங்கே உட்காரவும் தொடங்கியிருந்தபோது, டத்தோ பட்டம் வாங்கிய கல்லூரித் தலைவர் மனோகரனுக்கு ஆசை வந்துவிட்டது.

"இவ்ளோ இடத்தைச் சும்மா போடுறதாம்மா? கார் நிறுத்தலாம்லா. வியாழக்கிழமை மத்தியானம் வந்து பாக்குறேன். புள்ளைங்க இருந்தா முற்றம். காலியா கெடந்தா கார் பார்க்."

ரூபினி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். மத்தியானத்தில் அங்கே எள் போட இடம் இருக்காது.

வியாழக்கிழமை வந்து பார்த்தால் முற்றம் வெறிச்சென்று கிடக்கிறது. நடுவில் அலுவலக நிர்வாகி தனலெட்சுமி, புதுப் புடவையில், பெருமை தாங்காமல் நிற்கிறார்.

"டத்தோ வர்றாருல்ல? புள்ளைங்களை எல்லாம் ஹாலுக்கு அனுப்பிட்டேன். எவ்ளோ நீட்டா இருக்கு பாரு."

"அலமாக், என்ன அக்கா இப்படிப் பண்ணிட்டீங்க..."

நம் ஆட்களின் பழக்கத்தை என்னவென்று சொல்ல. பெரிய மனிதர் வருகிறார் என்றால் குப்பையோடு சேர்த்து மனிதர்களையும் கூட்டித் தள்ளிவிடுவார்கள். திரும்பக் கூப்பிடலாம் என்று ரூபினி ஓட எத்தனிப்பதற்குள் டத்தோவின் கார் வந்து நின்றது.

"ஈ காக்காகூட காணோமே," என்றார் டத்தோ. "நான்தான் சொன்னேன்ல?"

ரூபினியின் இத்தனை நாள் உழைப்பும் தார் போட்ட கார் பார்க்காகப் போகிறது.

நல்ல வெயில். டத்தோ வேர்வையைத் துடைத்தபடி பெஞ்சில் உட்காரப் போனார். அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். அடுத்ததற்கு நகர்ந்தார். ஹெல்மெட். அதற்கடுத்ததில் குடை, அப்புறம் தண்ணீர் போத்தல். சாமானை வைத்து மேசை பிடிக்கிற சாப்பாட்டுக் கடைகளில் வளர்ந்த எந்த ஜொகூர்க்காரரும் இன்னொருவர் பிடித்து வைத்த இடத்தில் உட்கார மாட்டார். டத்தோவும் உட்காரவில்லை. முற்றம் முழுக்கச் சுற்றிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"இந்தச் சாமானை ஏன் எடுக்கல?" என்றார் தனலெட்சுமியிடம்.

"திரும்பி வருவோம்னு புள்ளைங்க எடம் புடிச்சு வச்சுட்டுப் போயிருக்காங்க. அதை எப்படி டத்தோ எடுக்கறது?" தனலெட்சுமிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

டத்தோ ரூபினி பக்கம் திரும்பினார்.

"எல்லாத்துலயும் ஆள் இருக்கு. நான் எங்கம்மா உக்கார்றது?"

"கார்லதான், டத்தோ." வாய் தவறி வந்துவிட்டது.

அவர் காரைப் பார்த்தார், பெஞ்சுகளைப் பார்த்தார்.

"பெஞ்சு பத்தலம்மா," என்றார். "இன்னும் போடு."