மிதித்த கால்

பிரேக்கை மிதித்தால் கால் தலையணையில் புதைவது போல உள்ளே போனது. மீட்டரில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அவள் மெல்ல ஊர்ந்தே காரை மெக்கானிக்கிடம் கொண்டுவந்தாள். கணவர் போய்ச் சேர்ந்ததும் இதே காரில்தான்.

அதற்கு முந்தின நாள் இருவருக்கும் சரியான சண்டை. காலையில் கிளம்பியவர் நேராகப் போய்ச் சுவரில் மோதினார். ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை. "வேணும்னே போய் மோதிட்டான்" என்று அவருடைய அண்ணன் சொன்ன சொல், ஊர் வாயெல்லாம் சுற்றி இவள் தலையில் வந்து விழுந்தது. காரை விற்றுத் தொலை என்றார்கள். அவளோ நசுங்கிய முன்பக்கத்தைச் சரிசெய்து, தானே ஓட்டினாள். இருக்கை மட்டும் அவர் கால் நீளத்துக்கு வைத்தபடியே இருந்தது. முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போகத்தான் போனீங்களா?" என்று தினமும் கேட்பாள்.

மெக்கானிக்குக்கு 'மோப்பம்' என்று பெயர். காரின் பாதி நோயை மூக்காலேயே கண்டுபிடித்துவிடும் ஆசாமி. பானட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் பாதிக்குமேல் காலி. நான்கு சக்கரங்களிலும் தேடினார். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

"எங்கதாம்மா போகுது? பேய் கீய் குடிக்குதா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் வந்த வெள்ளைப் புகையை முகர்ந்தார். "இன்ஜின்தான் குடிக்குது. பிரேக்குக்கு அழுத்தம் குடுக்கிற மாஸ்டர் சிலிண்டர்ல சீல் போயிருக்கு. ஆயில் அதை ஒட்டியிருக்கிற பூஸ்டருக்குள்ள கசிய, அங்கேருந்து இன்ஜின் உறிஞ்சிக்குது. அதான் பெடலும் அமுங்குது, விளக்கும் எரியுது."

சிலிண்டரைக் கழற்றினார். பின்னால் பெயின்ட் உரிந்து துருவேறியிருந்தது. "ரொம்பப் பழைய கோளாறும்மா. பாக்குறவன் எல்லாம் ஆயில ஊத்தி மூடியிருக்கான்."

பிறகு பெடலைப் பார்க்கக் குனிந்தவர், அதன் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க பாருங்க. பெடல் கம்பியே வளைஞ்சிருக்கு. இரும்பும்மா இது. உயிரைக் குடுத்து மிதிச்சாத்தான் இப்படி ஆகும். யார் ஓட்டினாங்க?"

"என் வீட்டுக்காரர்தான். சுவர்ல மோதிப் போயிட்டார்." அவளும் குனிந்து பார்த்தாள். "பிரேக்கே போடலைன்னு சொன்னாங்களே."

"போட்டிருக்கார். அது பிடிக்கல. பிடிக்காத பிரேக்குக்கு ரோட்டுல எப்படித் தடம் விழும்?"

அவள் அந்தக் கம்பியைத் தொட்டாள். இத்தனை மாதமாக மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்திருந்தாள். அவரோ வீட்டுக்குத் திரும்பிவரத்தான் இப்படி மிதித்திருக்கிறார்.

"புதுப் பெடல் போட்டுடுங்க. இதை என்கிட்ட குடுங்க. அவங்க அண்ணன்கிட்ட காட்டணும்."

வேலை முடிந்ததும் ஏறி உட்கார்ந்தாள். தலையணையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, இருக்கையை முன்னால் இழுத்தாள். அது கிறீச்சென்று நகர்ந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.