சில்லுக் கழற்றிய வாள்

அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு என்பதைச் சவுந்தரநாயகம் மறந்துபோனார். கொட்டாஞ்சேனையின் அந்த நாலாம் மாடிக்கு அவர் குடிவந்த நாள்முதல் அது உள்பக்கமாகத்தான் திறந்துகொண்டிருந்தது. ஒருநாளும் மனம் மாறியதில்லை. ஆனாலும் மறந்தார். பெரிய காரியத்தில் இறங்கியவர்களுக்குக் கதவின் குணமெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது.

பெரிய காரியம் இதுதான். இங்கிலாந்தில் வார்த்த, மரம் அரிகிற பழைய மேசைவாள் ஒன்று அந்த அறையில் நின்றது. நடுவில் வட்டத் தகடு, கீழே மோட்டர், நாலு கனத்த இரும்புக் கால். அந்தக் கால்களில் உருட்டுவதற்கென்று தானே பூட்டிய நாலு சில்லுகளையும், வாளை ஜக் வைத்து உயர்த்தி, ஒவ்வொன்றாகக் கழற்றி, அரிசிச் சாக்கில் போட்டு, கட்டிலுக்குக் கீழே தள்ளினார். பிறகு ஜக்கை இறக்கினார். வாள் நிலத்தில் குந்தியது. கதவு திறந்ததும் தலைவருடைய கண்ணில் பித்தளைப் பெயர்த்தகடு முதலில் படவேண்டும் என்று அதைக் கதவோடு ஒட்டினாற்போல் நிறுத்தியிருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருகி இழுத்தார். கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது. இரும்புக் காலில் முட்டியது. நின்றுவிட்டது.

இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். கதவு தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வெளியே காலடி கேட்டது. இடைவெளியில் மனைவி கொன்ஸ்ரன்ஸின் ஒரு கண் தெரிந்தது.

"இஞ்சருங்கோ, என்ன சத்தம்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் கதவு திறபடேல்ல?" கண் கீழே இறங்கிப் பார்த்தது. "சில்லு எங்க?"

"மெதுவாக் கதையும்."

"ஸ்ரான்லி லொறியோட வாறான். சில்லில்லாமல் உதை ஆர் தூக்குறது? உங்கட சங்கமா?"

சங்கம் என்றது கொழும்புப் புராதன மின்வாள் மீட்புச் சங்கத்தை. அதற்குத் தலைவர், உபதலைவர், காப்பாளர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று ஆறுபேர் இருந்தார்கள். சாதாரண உறுப்பினர் பதவி மட்டும் இன்னும் நிரப்பப்படவில்லை. துறைமுகத்தில் பத்திரங்களுக்கு முத்திரை குத்தி ஓய்வுபெற்ற சவுந்தரநாயகம் அதில் கணக்காய்வாளர். சங்கத்துக்குக் கணக்கு ஏதும் இல்லாதபடியால் அவருடைய கடமையில் இதுவரை ஒருவரும் குறை கண்டதில்லை.

வத்தளையில் மூடிக்கிடந்த மரஆலை ஒன்றிலிருந்து இந்த வாளைத் துண்டுதுண்டாக லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர். மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையுமாக ஒன்றரை வருடம் கறள் சுரண்டினார். பெயாரிங் மாற்றினார், பெல்ட் மாற்றினார், பழைய சாம்பல் பச்சை நிறத்தைத் தேடிப்பிடித்துப் பூசினார். பின்னேரங்களில் சுவிச்சைப் போட்டு, அது சுற்றுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கீழ்மாடிக்காரரும் கேட்பார்கள், கண்ணை மூடாமல். ஒரு மரத்துண்டைக்கூட அவர் அதற்குக் கொடுத்ததில்லை. சங்கத்தின் எட்டாம் விதி, மீட்ட வாளால் மரம் அரிவதைத் தடை செய்கிறது. ஏழாம் விதி இன்னும் கடுமையானது. பிற்காலத்து அந்நிய உறுப்பு எதுவும் வாளில் இருக்கக்கூடாது.

சில்லு அந்நிய உறுப்பு. சில்லு இல்லாவிட்டால் அந்த வாளை நகர்த்தி அறை கூட்ட முடியாது என்பதைப்பற்றி விதிகள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது என்னவென்றால், மகள் ரொஷேல் ரொறன்ரோவிலிருந்து கைக்குழந்தையோடு சனிக்கிழமை வந்து இறங்குகிறாள். அறை அவளுக்கு வேண்டும். கொன்ஸ்ரன்ஸ் கதையை முடித்துவிட்டாள்: ஒன்றில் வாளைச் சங்கத்தின் தலைவர் தில்லைநாதன் தன்னுடைய வெள்ளவத்தை வீட்டுக் காட்சியகத்துக்கு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஜிந்துப்பிட்டி ஸ்ரான்லி எடுப்பான். ஸ்ரான்லி செய்வது சவப்பெட்டி. வாள் அவனுக்கு வேலைக்கு வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுபேரையும் அவள் ஒரே பின்னேரத்துக்கு வரச்சொல்லியிருந்தாள்.

தன்னுடைய வாள் சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால், பெயர்ப்பலகையோடு, 'மீட்பாளர்: சவுந்தரநாயகம்' என்று நிற்கவேண்டும். சவப்பெட்டிக்குப் பலகை அரிந்துகொண்டு நிற்கக்கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சில்லைப் பூட்டிப்போட்டு வெளியில வாங்கோ," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"பூட்டினா தலைவர் காணுவார்."

"பூட்டாட்டி?"

"பூட்டாட்டி வெளியில வரேலாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இருங்கோ," என்றுவிட்டுப் போனாள். திரும்பிவந்து ரோல்ஸ் ஒன்றை இடைவெளியில் நுழைத்துப் பார்த்தாள். வரவில்லை. பிஸ்கட் வந்தது.

அவர் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு யன்னல் பக்கம் போனார். யன்னலுக்கு இரும்புக் கம்பி. அதையும் அவர்தான் போடுவித்தவர், கள்ளர் வராமல். நாலு மாடி ஏறி ஒரு கள்ளனும் வரவில்லை. இப்போது வந்தாலாவது கேட்டுப் பார்க்கலாம். தூரத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் அவசரமே இல்லாமல் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. தில்லைநாதன் வந்துவிட்டார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் ரை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, கையில் சின்ன ரோச்.

"உள்ளுக்க கடைசி வேலையில நிக்கிறார்," என்று கொன்ஸ்ரன்ஸ் சொல்லுவது கேட்டது. "ஆளை வெளியில எடுக்கேலாமல் கிடக்கு." அவள் பொய் சொல்லவில்லை.

"அதுதான் அர்ப்பணிப்பு," என்றார் தில்லைநாதன். "மிஸ்டர் சவுந்தரநாயகம், நான் வந்திட்டன்."

"வணக்கம், தலைவர்."

"கதவைத் திறவும்."

"இவ்வளவுதான் திறக்கும், தலைவர். வாள் மறிக்குது."

"அப்ப தள்ளி வையும்."

"தள்ளேலாது. ஒண்டும் மாத்தாமல் அப்பிடியே நிக்குது."

"மாத்தாதது எண்டால் தள்ளேலாதுதான்," என்றார் தில்லைநாதன் மரியாதையோடு.

ரோச் வெளிச்சம் இடைவெளியால் உள்ளே வந்து வாளின்மேல் ஊர்ந்தது. பெயர்த்தகட்டில் நின்றது. மேசையின் விளிம்பில் ஓடியது. காலுக்கு இறங்கியது. சவுந்தரநாயகம் அந்த வெளிச்சத்தோடு சேர்ந்து குனிந்தார். சில்லுப் பூட்டிய ஓட்டைகளை மெழுகால் அடைத்து, மேலே பச்சைப் பூச்சும் பூசியிருந்தார். பூச்சு இன்னும் காயவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றது வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்த குரல். "நீர் தனி ஆள். இது யானை. உந்த இடத்துக்கு எப்பிடிக் கொண்டுவந்து வைச்சனீர்?"

"மெதுமெதுவா, தலைவர்."

"மெதுமெதுவா எண்டால்?"

"ஒரு நாளைக்கு ஒரு நூலளவு." சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. "ஒன்றரை வருஷமாத் தள்ளினனான்."

"கேட்டீரோ, மிஸிஸ் சவுந்தரநாயகம்?" தில்லைநாதனின் குரல் தளும்பியது. "இதைத்தான் நான் போன ஆண்டு விழாவிலயும் சொன்னனான். மீட்பு எண்டது ஒரு தவம்." அதன்பின் அவர் போன ஆண்டு விழாவில் சொன்ன மற்றதையும் சொல்லத் தொடங்கினார். கேட்பதற்குக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருவர். ஓடமுடியாதவர் இந்தப் பக்கத்தவர். மூடிய அறையில் புதுப் பூச்சின் மணமும் மண்ணெண்ணெயும் தலைக்குள் ஏறின. கட்டிலில் இருந்தார். எழும்பினார். இரண்டடி நடக்கலாம், அதற்குமேல் வாள். பேச்சு, இரும்பு வாள் மனிதன் மரத்துக்கு எழுதிய கவிதை என்ற இடத்துக்கு வந்தபோது மணி திரும்பவும் அடித்தது.

ஸ்ரான்லி. அவனுடைய குரல் ஆளுக்கு முதல் உள்ளே வரும்.

"அன்ரி, லொறி கீழ நிக்குது. கனநேரம் விடேலாது, பொலிஸ்காரன் முழிசிப் பாக்கிறான். அங்கிள் எங்க?"

"உள்ளுக்க."

"எப்ப வருவார்?"

"அதை இவரைக் கேள். இவர்தான் தலைவர்."

ஸ்ரான்லி தலைவரை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு இடைவெளியில் கண்ணை வைத்தான். காதுக்குப் பின்னால் பென்சில், சட்டையெல்லாம் மரத்தூள். "அங்கிள், என்ன இது, சில்லைக் காணேல்ல?"

கொன்ஸ்ரன்ஸ் இருமினாள்.

"என்ன சில்லு?" என்றார் தில்லைநாதன்.

"நாலு சில்லு, சேர். போன கிழமை வந்து பாக்கேக்க ஒரு கையால தள்ளினனான். வழுக்கிக்கொண்டு போச்சுது."

உள்ளே சவுந்தரநாயகம் கட்டிலுக்குக் கீழே கிடந்த சாக்கைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"மிஸ்டர் சவுந்தரநாயகம். இந்தத் தம்பி சொல்லுறது உண்மையோ?"

இல்லை என்று சொல்லலாம். தம்பி வேறு வாளைப் பார்த்திருப்பான் என்று சொல்லலாம். சொன்னால் தலைவர் நம்புவார். ஒரு நாளைக்கு ஒரு நூலளவையே நம்பியவர். வாள் காட்சியகத்துக்குப் போகும். ஆனால் எப்படிப் போகும்? அதற்கும் சில்லு வேண்டும். சில்லுப் பூட்டுவதென்றால் முதலில் தலைவர் இங்கேயிருந்து தன்னுடைய வீட்டுக்குப் போகவேண்டும். தலைவர் ஏற்றுக்கொண்டதும் போகிற ஆளல்ல, ஏற்புரை நிகழ்த்துவார். அது முடியச் சனிக்கிழமை வந்துவிடும், ரொஷேல் ரொறன்ரோவிலிருந்து வந்து, இந்த இரண்டு விரல் இடைவெளியால் தாத்தாவுக்குப் பேரனின் மூக்கைக் காட்டுவாள்.

"ஓம்," என்றார். "நாலு."

"அப்ப சங்கம் இதை ஏற்காது," என்றார் தில்லைநாதன். அதைச் சொன்ன வேகம் சவுந்தரநாயகத்துக்குப் பிடிக்கவில்லை. ஆள் காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டே வந்ததுபோல இருந்தது.

"அங்கிள், சில்லைப் பூட்டுங்கோ," என்றான் ஸ்ரான்லி. "இல்லாட்டி லொறியைப் பொலிஸ் கொண்டுபோயிரும்."

கழற்றுவதைவிடப் பூட்டுவது கடினமாக இருந்தது. கழற்றும்போது மனதில் காட்சியகம் இருந்தது. இப்போது முதுகு மட்டும்தான் இருந்தது. ஜக்கை மிதித்து, குப்புறப்படுத்து மெழுகைச் சுரண்டி, ஈரப் பச்சை கையெல்லாம் ஒட்ட, ஆணி ஆணியாக முறுக்கினார். வெளியிலிருந்து ஸ்ரான்லி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தான். "மெதுவா, அங்கிள். விரல் கவனம். விரல் நசிஞ்சா அதுக்கு நாங்கள் தனியாப் பெட்டி செய்யிறேல்ல." நாலாவது சில்லு ஏறியது. ஜக்கை இறக்கினார். ஒரு கையால் தள்ளினார். ஒன்றரை வருடத் தவம் சத்தமில்லாமல் பின்னால் போனது. கதவு திறந்தது.

கொன்ஸ்ரன்ஸ் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "மீட்டாச்சு," என்றாள்.

ஸ்ரான்லி வாளை உருட்டிக்கொண்டுவந்து மண்டபத்தில் நிறுத்தினான். "வேலை செய்யுமோ பாக்கவேணும்," என்று ஒரு பலகைத்துண்டு எடுத்துவர லொறிக்கு இறங்கினான். தில்லைநாதன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பெயர்த்தகட்டைப் பார்க்கவில்லை. ரையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு முழந்தாளில் நின்று சில்லுகளைப் பார்த்தார்.

"எங்க வாங்கினீர்?" குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"பழைய சோனகத் தெருவில."

"பாரம் தாங்குமோ?"

"பாத்தனீங்கள்தானே."

தில்லைநாதன் எழும்ப மனமில்லாமல் அப்படியே இருந்தார். "என்ர முன் மண்டபத்தில ஏழு நிக்குது. எல்லாம் ஒண்டும் மாத்தாதது. மனிசி முன்வாசலால வீட்டுக்க வந்து ரெண்டு வருஷம். எட்டாவதுக்கு எங்க ஐசே இடம்? எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் வழிநெடுகிலும் யோசிச்சுக்கொண்டு வந்தனான்." அவர் ஒரு சில்லை விரலால் சுற்றிப் பார்த்தார். "இருபத்தெட்டுச் சில்லு ஒண்டா எடுத்தா ஆருக்கும் சந்தேகம் வருமோ?"

"பூட்ட நான் வாறன், தலைவர்."

"பின்பக்கத்தால வாரும்."

ஸ்ரான்லி பலகையோடு வந்தான். தலைவர் எழும்பி ரையைச் சரிசெய்து, எட்டாம் விதியைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் சுவிச் விழுந்துவிட்டது. முதலில் சவுந்தரநாயகத்துக்குப் பழக்கமான சத்தம், பின்னேரச் சத்தம். பிறகு ஸ்ரான்லி பலகையைத் தகட்டுக்குக் கொடுத்தான். சத்தம் மாறியது. அடித்தொண்டையில் இறங்கி, கடித்து, ஒரே இழுப்பில் பாடி முடித்தது. ஒன்றரை வருடமாகத் தான் கேட்டது சாப்பிடாதவனின் ஏப்பம் என்று அவருக்குத் தோன்றியது. பலகை இரண்டாகி விழுந்தது. அரிந்த பக்கம் கண்ணாடிபோல இருந்தது. மண்டபம் முழுக்கப் புது மரத்தின் மணம். தலைவரின் ரையில் மரத்தூள்.

"இன்னொருக்கா," என்றார் சவுந்தரநாயகம், ஒருவரும் கேட்காமலே.

"கடையில பாப்பம், அங்கிள். நீங்களும் வாங்கோ. தகட்டை ஏத்தி இறக்கிற பிடி ஒரு மாதிரியாக் கிடக்கு, காட்டித்தரவேணும்."

"நானோ? சவப்பெட்டிக் கடைக்கோ?"

"இப்ப வந்தா உங்கட காலால வரலாம்."

கொன்ஸ்ரன்ஸ் அதற்குள் அறைக்குள் விளக்குமாற்றோடு நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தில்லைநாதன் படியால் இறங்கப் போனார், லிஃப்டில் இடமில்லை. உண்மையில் வாளுக்கே மட்டுமட்டாகத்தான் இடம் இருந்தது. சவுந்தரநாயகம் சுவருக்கும் இரும்பு மேசைக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தார். மறுபக்கம் ஸ்ரான்லி. கதவு மூடியது. கையைத் தூக்கவும் இடமில்லை, திரும்பவும் இடமில்லை. கன்னம் லிஃப்டின் தகரத்தில் அழுந்தியிருந்தது.

"அங்கிள், மூச்சு விடலாமோ?"

"கொஞ்சம்."

"அது போதும். எங்கட கடைக்கு வாறாக்களுக்கு அதுவும் இல்லை."