அளவுக்குத் தைத்தது

அந்தப் பிற்பகல் முன்னறையில் இருந்தவர்கள்: கடைக்குச் சொந்தக்காரரான அண்ணன், கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்க்கும் அண்ணி, மெஷினில் தையல்காரர், பார்சல் எடுக்க வந்து தண்ணீர் கேட்டு நின்ற கூரியர்காரர், போனுக்குப் பக்கத்தில் அவள். அவளை வீட்டு ஆளாகச் சேர்ப்பதா வேலையாளாகச் சேர்ப்பதா என்று யாரும் இதுவரை முடிவு செய்யவில்லை. அவளும்தான். அவளுடைய பெட்டி பிரிக்கப்படாமல் சுவரோரம் நின்றது. மாடி அறையை அண்ணன் வெள்ளையடித்து, புதுப் பூட்டு போட்டு வைத்திருந்தார். "எதுக்கு, நாலு நாள்ல போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு இந்த முன்னறையிலேயே துணிக்கட்டுகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் என்று சொன்னது போன வருஷம்.

விற்பது திரைச்சீலை. கடை என்று தெருவில் எதுவும் கிடையாது. படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள், ஆர்டர் வரும், தைத்து அனுப்புவார்கள். அனுப்பிய பிறகு வாங்கினவர்களுக்கு மனசு மாறும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

அவள் வருவதற்கு முன்னால் அந்த வேலையை அண்ணன் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட சண்டை போட்டார் என்பது சரி. ஒரு விசேஷத்துக்குத் தொங்கவிட்டு, முடிந்ததும் மடித்துத் திருப்பி அனுப்பிய ஒரு அம்மாவிடம், "ஸ்கிரீன் என்ன வாடகைக்கா விடறோம்?" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்த அம்மா கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு இரண்டு சட்டம் வந்தது. ஒன்று, அளவு சொல்லித் தைக்கச் சொன்னது திரும்ப எடுக்கப்படமாட்டாது. ஒரு ஜன்னலுக்கு வெட்டின துணி இன்னொரு ஜன்னலுக்கு ஆகாது. இரண்டு, போனில் பேசுவதெல்லாம் ஸ்பீக்கரில்தான். அளவுத் தகராறு வந்தால் தையல்காரர் காதிலும் விழவேண்டும்.

அவளுக்கு இந்த வேலை கைவந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்கமாட்டாள். ஏன் என்று கேட்டால் ஆள் பொய் சொல்லும், சொன்ன பொய்யைக் காப்பாற்றவே பிடிவாதம் பிடிக்கும். "எந்த ஜன்னலுக்கு வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்பாள். அவர்கள் ஜன்னலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். வெயில், எதிர்வீட்டுக்காரன், மாமியாரின் தலைவலி எல்லாம் வரும். பேசிப் பேசிக் கடைசியில் பாதிப் பேர், "சரி, இருக்கட்டும் விடுங்க" என்பார்கள். மீதிப் பேருடையது திரும்பி வரும். பிரித்து மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். எண்ணெய்ப் புகை வாசம் இருந்தால் தொங்கியிருக்கிறது. இல்லையென்றால் நீராவி இஸ்திரி போட்டு மடிப்புக்கோட்டை அழித்து, புது உறையில் போட்டு அலமாரியில் அடுக்குவாள்.

அந்த அலமாரிக்குத் தையல்காரர் வைத்த பேர் 'வாழாவெட்டி அலமாரி'. அவள் பெட்டியோடு வந்திறங்கிய அன்று அந்தப் பேரை நிறுத்திவிட்டார்கள். 'அந்த அலமாரி' என்றார்கள். கூரியர்காரருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"மேடம், உங்க வாழாவெட்டிங்க ரெண்டு வந்திருக்கு" என்று அவர் இன்றைக்கும் இரண்டு உறைகளை வாசலில் வைத்தார்.

தையல்காரரின் மெஷின் நின்றது. அண்ணி கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"உள்ள கொண்டு வாங்க. வாசல்லயே நிறுத்தினா அக்கம்பக்கம் நாலு பேசும்" என்றாள் அவள்.

கூரியர்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சிரித்துத் தொலைத்தார்கள்.

அவளைப் புருஷன் அடிக்கவில்லை. குடிக்கவில்லை. சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டிக்கொண்டே, "ஒத்து வரல. கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல இரு. நானே கூப்பிடறேன்" என்றான். கூப்பிடுவான் என்று அவள் நம்பினாள். நம்பினாள் என்பதற்கு அந்தப் பெட்டிதான் சாட்சி. அண்ணன் அவ்வப்போது, "மாப்பிள்ளை குணம் எனக்குத் தெரியும், வருவாரு பாரு" என்பார். அவர் குரலில் இப்போதெல்லாம் ஜீவன் இல்லை.

கூரியர்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, ஸ்கிரீன் கடைங்களா? நான் ஒண்ணு ஆர்டர் பண்ணியிருந்தேன். அனுப்பிட்டோம்னு மெசேஜ் வந்துச்சு. அது... வேணாங்க. மனசு மாறிடுச்சு."

சின்ன வயதுப் பெண்குரல். மன்னிப்புக் கேட்கிற குரல்.

"பரவாயில்லம்மா. எந்த ஜன்னலுக்கு வாங்கினீங்க?"

"படுக்கையறைக்கு. நான் இன்னும் அங்க குடி போகல, கல்யாணமாகிப் போகப்போற வீடு. அதான் ஆபீஸ் விலாசம் குடுத்தேன். ஒரே ஒரு தடவதான் போய் அளந்துட்டு வந்தேன். இப்ப யோசிச்சா தப்பா அளந்துட்டேனோன்னு இருக்கு."

அண்ணன் உள்ளங்கையைக் குறுக்கே ஆட்டினார். அளவுக்குத் தைத்தது, எடுக்காதே என்று அர்த்தம்.

"ஏம்மா தப்புங்கறீங்க?"

"இடது பக்கம் வலது பக்கத்தவிட மூணு விரல் கம்மியா வருது. அப்படி ஒரு ஜன்னல் இருக்குமா சொல்லுங்க? நான் கணக்குல மக்கு. எங்க அப்பா சிரிக்கிறாரு."

தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"எங்க நம்பர் எப்படிக் கிடைச்சுது?" என்று அவள் கேட்டாள். வழக்கமாகக் கேட்கிற கேள்வி இல்லை அது.

"அங்க ஒரு பழைய ஸ்கிரீன் தொங்குதுங்க. ஓரத்துல உங்க கடை லேபிள் இருந்துச்சு. துணி அருமையான துணி. கீழ் மடிப்பு மட்டும் யாரோ கையால பிரிச்சு தைச்சிருக்காங்க, பாதி வரைக்கும் நீல நூலு, மீதி கறுப்பு நூலு. பாத்தா கண்ண உறுத்துது. அதான் புதுசு மாட்டலாம்னு நினைச்சேன்."

நீல நூல் தீர்ந்துபோய்விட்டது. வாங்கி வரச் சொன்னாள், அவன் மறந்துவிட்டான், கறுப்பிலேயே தைத்து முடித்தாள். கல்யாணமான முதல் வருஷம் அது. தையல்காரர் சீதனமாக நேராகத் தைத்துக் கொடுத்த துணி. தொங்கவிட்டதும் இடது பக்கம் தரையில் புரண்டது. அந்தப் பக்கம் சுவர் இறங்கி, ஜன்னலும் சாய்ந்திருந்தது. போனில் சொன்னபோது, "மூணு விரலா? என் சர்வீஸ்ல நான் கேள்விப்பட்டதே இல்ல பாப்பா" என்று சிரித்தவர், இப்போது மெஷின் சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த அளவு வேறு யாரோ பேரில் மறுபடி வந்தபோது, தன் கையாலேயே வெட்டி, தைத்து, அனுப்பியிருக்கிறார். ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு.

அண்ணனுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்தது. போனைப் பிடுங்கக் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். கூரியர்காரருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவும் துணிவில்லை.

"ஹலோ? இருக்கீங்களா? திருப்பி எடுத்துக்குவீங்களா?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம்மா, தப்பா அளந்துட்டீங்க, திருப்பி அனுப்பிடுங்க. துணி இங்கே வந்துவிடும். பழையது அங்கேயே தொங்கும். பாதி நீலம், பாதி கறுப்பு.

"அளவு சரிதாம்மா" என்றாள். "அந்தச் சுவர் இடது பக்கம் இறங்கி, ஜன்னல் சாஞ்சிருக்கு. குட்டைப் பக்கம் இடது கைப்பக்கம் வர்ற மாதிரி மாட்டுங்க. சரியா நிக்கும்."

"அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

பதிலை அந்தப் பெண்ணே கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

"ஓ! நீங்கதானா அவங்க? கேட்டதுக்கு அவர் சொன்னாரு, முன்ன வாடகைக்கு இருந்தவங்க விட்டுட்டுப் போனதுன்னு."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். விழுந்தார் என்றும் சொல்லலாம்.

"ஆமாம்மா" என்றாள் அவள். "வாடகைக்குத்தான் இருந்தோம்."

"அடடா, இவ்ளோ நல்ல துணிய ஏங்க விட்டுட்டுப் போனீங்க?"

"அந்த ஜன்னலுக்குன்னு வெட்டினது. வேற எங்கயும் ஒத்து வராது."

"அதுவும் சரிதான். அப்ப இருக்கட்டுங்க, நான் வெச்சுக்கறேன். ஏங்க, வீடு எப்படி? நல்ல வீடுதானே?"

அவள் சற்று யோசித்தாள். இந்தக் கேள்விக்கு இதுவரை அவளிடம் யாரும் பதில் கேட்டதில்லை.

"குடி போறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் தெளிவா கேட்டுக்கங்கம்மா. முன்ன இருந்தவங்க யாரு, ஏன் போனாங்கன்னு. வாயால சொல்ல வைங்க."

"ஐயோ, ஏங்க?"

"பொதுவா சொல்றேன்" என்றாள். போனை வைத்தாள்.

கூரியர்காரர் டம்ளரை ஓசைப்படாமல் வைத்துவிட்டு, எடுக்க வேண்டிய பார்சல்களை எடுத்துக்கொண்டு நழுவினார். தையல்காரர் எதற்கோ தயாரானவர் மாதிரி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, "பாப்பா, நான் அளவப் பாத்தேன், ஆனா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சரியாத்தான் தைச்சிருப்பீங்க மாஸ்டர்."

அண்ணனுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரியாதபோது அவர் வியாபாரம் பேசுவார். "ஒரு ரிட்டர்ன் மிச்சம்" என்றார். சொன்ன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் போய் அவன நறுக்குனு நாலு கேட்டுட்டு வரட்டுமா?" என்றார் பிறகு.

"கேட்டா என்ன சொல்வாரு? மனசு மாறிடுச்சும்பாரு. நாமதான் தினம் கேக்கறமே."

கூரியர்காரர் கொண்டுவந்த இரண்டு உறைகளையும் அவள் பிரித்தாள். ஒன்றில் புகை வாசம் இருந்தது, ஒதுக்கினாள். இன்னொன்றை இஸ்திரி போட்டாள். மடிப்புக்கோடு சீக்கிரம் போகவில்லை. திரும்பத் திரும்ப நீராவி விட்டுத் தேய்த்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். அதன் பிறகுதான் கேட்டாள்.

"மாடி ரூம் சாவி எங்க அண்ணி?"

அண்ணி எழுந்து, சாவியை எடுத்துவந்து கையில் வைத்தாள். "நான் பெட்டியத் தூக்கிட்டு வரேன்மா" என்றாள்.

"வெயிட்டு இல்ல. ரெண்டு சேலைதான்."

படியில் பெட்டி இடிக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கீழே கேட்டது. தையல்காரர் மெஷினை ஓட்டவில்லை. பூட்டியே கிடந்த மாடி அறையில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. ஒரு ஜன்னல் இருந்தது, நேரான ஜன்னல், திரை இல்லாமல். வெயில் தரையில் சதுரமாக விழுந்து கிடந்தது. அவள் பெட்டியை அதன் நடுவில் வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாவியைப் பூட்டில் நுழைத்து, அது திரும்புகிற வரைக்கும் திருப்பினாள்.