எல்லாத்துக்கும் ஒரே வயர்

மூன்றாவது பித்தானைப் போடும்போது சன்னாசி வழக்கம்போல ஆரம்பித்தார். "எல்லாம் புனிதன் வாங்கிக் குடுத்த லைட்டால வந்த வென." குமுதவல்லியின் விரல்கள் பித்தானிலேயே நின்றுவிட்டன. இரண்டு மாதமாகக் காலையில் கணவருக்குச் சட்டை போட்டுவிடுவது அவள் வேலை. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கமாட்டேன் என்கின்றன. உள்ளங்கையின் குறுக்கே தையல் போட்ட வடு. வாரத்தில் இரண்டு நாள் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து விட்டுவிட்டு வருகிறார். முப்பது வருசம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த மனுசனுக்கு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார்கள், பாருங்கள். அதைச் சொல்லி அவரே முதல் நாள் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை.

நான்காவது பித்தான். "தம்பின்னு நம்பி வாங்குனேன் பாரு." ஐந்தாவது. "மலிவு சாமான என் தலையில கட்டிட்டான்." ஒவ்வொரு பித்தானுக்கும் ஒரு வசவு. அவ்வளவும் விழுவது பாரோயில் குடியிருக்கும் தம்பி புனிதன் தலையில். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவள் குமுதவல்லி. அவளுக்கு மட்டும்தான் தெரியும், அந்த வசவில் ஒன்றுகூடப் புனிதனுக்குச் சேரவேண்டியதில்லை என்று. சேரவேண்டியவள் பித்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். ரந்தாவ் பக்கத்தில் தோட்டத்து லயத்தில்தான் இன்னும் இவர்கள் குடியிருப்பு. தோட்டம் முக்கால்வாசி எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்டது. அதை ஒட்டி ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், ரப்பர்க் காடு இருக்கிறது. அதில்தான் சன்னாசி பங்குக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாலரைக்கெல்லாம் மர நிரையில் நிற்பார். முன்பு இருந்த விளக்குக்கு உருண்டை முனை வைத்த சார்ஜர். வேறெதிலும் அது பொருந்தாது. குமுதவல்லியின் கைப்பேசிக்கு ஒரு வயர், மகள் மாதவி விட்டுப்போன காற்றாடிக்கு ஒரு வயர், ரேடியோவுக்கு ஒரு வயர். மேசை இழுப்பறையைத் திறந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். ஒன்றை இழுத்தால் நான்கு வரும். அவள் திட்டாத நாள் கிடையாது.

போன தீபாவளிக்குப் புனிதன் வந்தவன் அந்த இழுப்பறையைப் பார்த்துச் சிரித்தான். அவன் தொழிற்சாலையில் டெக்னீஷியன். "என்னா அண்ணி, மியூசியமா வச்சிருக்கீங்க?" என்றான். அண்ணனுக்குப் புது நெற்றி விளக்கு, அண்ணிக்குத் தான் வைத்திருந்த கைப்பேசி, சின்னதாக ஒரு புதுக் காற்றாடி எல்லாம் கொண்டுவந்திருந்தான். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வாய். கூடவே கனமான ஒரு சார்ஜர், ஒரு வயர். "இனிமே எல்லாத்துக்கும் ஒரே வயருதான் லா. தலைகீழா சொருவுனாலும் ஏறும்" என்று சொல்லி, பழையதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு போய்விட்டான். இழுப்பறை காலியாகக் கிடந்ததைக் குமுதவல்லி நாலு தரம் திறந்து திறந்து பார்த்தாள். அவ்வளவு சந்தோசம்.

சந்தோசத்துக்கு என்ன குறை? இருட்டில் தடவிச் சொருகலாம். கண்ணாடி தேடவேண்டாம். ஆனால் ஒரே வயர் என்றால் ஒன்றுதானே இருக்கும்! எதில் வேண்டுமானாலும் பொருந்துகிற வயர் எதற்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் அவர் விளக்கின் வயரை அவள் தொடவே மாட்டாள். தொட்டு என்ன பண்ணுவது, அது அவள் கைப்பேசியில் ஏறாது. இப்போது வீட்டில் இரண்டு பேருக்கு இடையில் அது இங்கும் அங்குமாக அலைந்தது. இன்னொன்று இருக்கட்டும் என்று பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒன்று வாங்கினாள். பார்க்க அதே மாதிரிதான் இருந்தது, சொருகினால் ஏறவும் ஏறியது. ஆனால் அரை மணியில் சூடாகி நாற்றம் அடித்தது. சன்னாசி அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். நல்லதாக ஒன்று வாங்கவேண்டும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சன்னாசிக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் விளக்கைச் சார்ஜில் போடுவார். நிறைந்த பிறகுதான் கழற்றி வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார். ஆணியில் தொங்குகிறது என்றால் விளக்கு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். காலையில் போட்டுப் பார்ப்பதில்லை, கையை நீட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வியாழக்கிழமை அவர் அசதியில் சீக்கிரமே படுத்துவிட்டார். விளக்கு சார்ஜில் இருந்தது. குமுதவல்லி கைப்பேசியில் சேலை லைவ் பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளானிலிருந்து ஒரு பெண் ஒவ்வொரு சேலையாகத் தோளில் போட்டுக் காட்டி நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள். புனிதன் மகள் ஷாமினி கல்யாணத்துக்கு அரக்கில் ஒன்று எடுக்கவேண்டும் என்று இவளுக்கு ஆசை. அரக்குச் சேலை வரவும் கைப்பேசியில் சார்ஜ் குறைந்து சிவப்பு விழவும் சரியாக இருந்தது. அஞ்சு நிமிசம்தானே என்று விளக்கிலிருந்து வயரைப் பிடுங்கிக் கைப்பேசியில் சொருகினாள். விளக்கைத் தரையில் வைத்தால் மிதிபடும் என்று எடுத்து ஆணியில் மாட்டினாள். பாழாய்ப்போன ஒழுங்கு! தரையிலேயே கிடந்திருந்தால் அவர் குனிந்தாவது பார்த்திருப்பார். சேலை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் அப்படியே தூங்கியும் போனாள்.

பழைய விளக்கு சாகிறதென்றால் மங்கி மங்கிச் சாகும். ஆள் சுதாரித்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. கடைசிச் சொட்டுவரை பளிச்சென்று எரிந்துவிட்டுப் பட்டென்று நின்றுவிடும். மறுநாள் விடியுமுன் சன்னாசி கத்தியும் கையுமாகக் கால்வாயைத் தாண்டிக்கொண்டிருந்தபோது நின்றது. விழுந்த இடத்தில் கத்தி உள்ளங்கையைக் கிழித்தது. இருட்டில் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு தட்டுத் தடுமாறி ரோட்டுக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி வாங்கிக் குடுத்த லைட்டு நின்னுருச்சி" என்பதுதான். குமுதவல்லி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து அவளை வெளியே போகச் சொன்னாள். திறந்த வாய் அன்றைக்கு மூடியதுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சொல்லப் பார்த்தாள். கோயிலில் மாரியம்மாவிடம் சொல்லிவிட்டாள். மாரியம்மாவிடம் சொல்வது சுலபம், அவள் என்ன சண்டைக்கா வரப்போகிறாள். மாதவிக்குப் போன் போட்டுச் சொல்லப் போய், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். பார்சலில் வந்த சேலையைப் பிரிக்காமலே அலமாரிக்கு மேலே தள்ளிவிட்டாள். வெட்கங்கெட்டவளே, ஒரு சேலைக்காக ஒரு கையை விற்றுவிட்டாயே என்று தனக்குத் தானே ஏசிக்கொண்டு சோறு வடித்தாள். தம்பியின் போனை அண்ணன் எடுப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை மதியம் இவர்கள் இரண்டு பேரும் வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் உட்கார்ந்திருந்தபோது புனிதனின் கார் வந்து நின்றது. அவனும் அவன் மனைவி திலகாவும் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தட்டை எடுத்து வந்தார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. அப்பா இல்லாத வீட்டில் முதல் தட்டு மூத்தவனுக்கு. அவன் வாங்கினால்தான் அடுத்த வீட்டுக்குப் போகமுடியும். வாங்காவிட்டால் கல்யாணம் நிற்கப்போவதில்லைதான், ஆனால் அண்ணன் தம்பி என்பது அத்தோடு முடிந்தது. அது அங்கே இருந்த நான்கு பேருக்கும் தெரியும்.

குமுதவல்லி உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். சன்னாசி எழுந்திருக்கவில்லை. செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஷாமினிக்கு அடுத்த மாசம்" என்றான் புனிதன். அவன் முகம் வற்றிப்போயிருந்தது. நாற்பத்தைந்து வயசுக்காரன் பிரம்படி வாங்கப்போகும் பையனைப்போல நின்றான். "தப்பு என்னுதுதான் அண்ணே. நான் நல்லதா பாத்து வாங்கியிருக்கணும். ஆன்லைன்ல பாத்து, வெலைய பாத்து வாங்கிட்டேன். ஒங்க கைய பாக்கறப்பல்லாம் எனக்கு..."

செய்யாத தப்பை ஒருத்தன் தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறான், செய்தவள் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தானும் ஒரு மனுசியா என்று குமுதவல்லிக்குத் தோன்றியது. செம்பைக் கீழே வைத்தாள்.

"புனிதா, ஒன் லைட்டுமேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் வயர புடுங்கினேன். என் போனுக்கு போட்டுட்டு, லைட்ட ஆணியில மாட்டிட்டேன். மறுபடி சொருவ மறந்துட்டேன். சேல லைவு பாத்தேன். சேல!" கடைசி வார்த்தை அழுகையாகவே வந்தது.

கணவர் எழுந்து அடிக்க வருவார் என்றுகூட எதிர்பார்த்தாள். வந்தால் நல்லது என்றும் இருந்தது. சன்னாசி மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"ஒன்ன யாரு இப்ப கேட்டா?" என்றார். "எனக்கு தெரியும்."

அவளுக்கு விளங்கவில்லை.

"அன்னிக்கு கெளம்பறப்பவே வயரு ஒன் போன்ல இருந்திச்சி. பாத்துட்டுதான் போனேன். லைட்டு ஆணியில தொங்குதே, ரொம்பிருச்சின்னு நெனச்சேன். கால்வாயில கெடந்தப்பதான் வெளங்கிச்சி."

"அப்பறம் ஏன் அண்ணே?" என்றான் புனிதன். "என்மேல ஏன் பழி போட்டீங்க?"

சன்னாசி தன் இடது கையைப் பார்த்தார். "அவள சொல்லிட்டு அவ கையால எப்படிடா தெனம் சோறு திங்கறது? ஒரே கூரைக்குள்ள கெடக்கணும். நீ பாரோய்ல இருக்க. தூரத்துல இருக்கறவன திட்டிக்கிட்டா காலம் ஓடிரும்னு நெனச்சேன்."

திலகா தட்டின் தன் பக்கத்தை விட்டுவிட்டாள். தட்டு சாய, புனிதன் சட்டென்று நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். "ரெண்டு மாசமா இவுரு ராத்திரி தூங்கல, தெரியுமா அக்கா?" என்றாள் குமுதவல்லியைப் பார்த்து. "அண்ணன் கைய நான் முடிச்சிட்டேன்னு பொலம்புவாரு. பொண்ணு கல்யாண வேல ஒன்னயும் தொடல. நல்லா இருக்குங்க ஒங்க குடும்பம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்க் காருக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. குமுதவல்லி கூப்பிடப் போனவள் எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று நின்றுவிட்டாள்.

புனிதனும் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் போகவில்லை. தனியாளாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான்.

"என்னமோ அண்ணே, நீங்க வாங்கிக்கங்க."

சன்னாசி எழுந்தார். மங்கலத் தட்டை ஒற்றைக் கையால் வாங்கக்கூடாது. இரண்டு கைகளையும் நீட்டினார். வலது கை இறுகப் பிடித்தது. இடது கையால் விளிம்பைப் பற்ற முடியவில்லை. தேங்காய் அந்தப் பக்கமாக உருண்டது.

"நிக்கிறியே, வந்து புடி" என்றார் அவளிடம்.

குமுதவல்லி ஓடிவந்து தட்டுக்கு அடியில் கைகொடுத்தாள். எதிரே திலகா நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. மூன்று பேரும் தட்டை விடாமல் நின்றார்கள். தட்டுக்கு அடியில் அவள் உள்ளங்கையில் அவருடைய இரண்டு விரல்கள் வந்து தங்கின. அவள் அவற்றைத் தன் விரல்களால் பொத்தினாள். அவை மடங்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.