எழுபதில் ஒரு பச்சை

எட்டு வருஷம் சட்டமன்றத்தில் உட்கார்ந்தவளுக்குக் கன்னி மசோதா என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வெர்னா ஹால்வர்சனுக்கு மட்டும் வரவில்லை. அவள் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த எட்டு வருஷத்தில் அவள் பெயரில் ஒரு மசோதாகூடச் சபைக்கு வந்ததில்லை. எல்லாம் குழுவிலேயே கிணற்றில் போட்ட கல்லாகிவிடும். மூன்றாவது வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்காக ஒன்று எழுதினாள். நன்றாக இருக்கிறது என்று குழுத் தலைவர் தலையாட்டினார், அடுத்த வாரம் அதையே தன் பெயரில் கொண்டுவந்து நிறைவேற்றிக்கொண்டார். ஆளுநர் கையெழுத்துப் போடும் படத்தில் வெர்னாவின் தோள்பட்டை மட்டும் விழுந்திருந்தது. அவள் கணவன் லாய்டு அதையும் வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான், அவனுக்கு எதிலும் ஒரு கேலி.

அந்த மாநிலத்தில் எட்டு வருஷத்துக்கு மேல் ஒருவர் கீழவையில் இருக்க முடியாது. ஆக இதுதான் கடைசிக் கூட்டத்தொடர். இது முடிந்ததும் வீடு, கோதுமை, தூக்கம் என்று முடிவு பண்ணியிருந்தாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு மசோதா. அது ஆம்புலன்ஸ் மசோதா.

விஷயம் சின்னதுதான். ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டுமானால் அதில் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று புது விதி, ஜூலை ஒன்றாம் தேதி அமலுக்கு வருகிறது. பட்டணத்தில் அது சரி. வெர்னாவின் மாவட்டத்தில் சான்றிதழ் உள்ளவர்கள் மொத்தம் நான்கு பேர், அதில் ஒருவருக்கு எழுபத்தோரு வயது, ஒருத்திக்கு எட்டாவது மாதம். எல்லாருமே சம்பளமில்லாமல் வருகிறவர்கள். லாய்டு நாற்பது வருஷமாகப் பனியிலும் சேற்றிலும் கோதுமை லாரி ஓட்டுகிறான், ஆனால் ஆம்புலன்ஸ் ஓட்டக்கூடாது. விதி மாறாவிட்டால் ஊர் ஆம்புலன்ஸின் உரிமம் போய்விடும். அடுத்த வண்டி ஐம்பத்திரண்டு மைல் தள்ளியிருந்து வர வேண்டும். உள்ளே கவனிக்க ஒருவர் சான்றிதழோடு இருந்தால் போதும், ஓட்டுகிறவருக்கு வேண்டாம் என்பதுதான் மசோதா. இன்றைக்குள் கீழவையில் நிறைவேறாத எதுவும் இந்த வருஷம் செத்ததாகக் கணக்கு.

அவள் பக்கத்து இருக்கைக்காரன் க்ளிஃப் ஆஸ்டர்ஹவுஸ். பட்டணத்து ஓரத்தையும் சேர்த்த பக்கத்துத் தொகுதிக்காரன், அதே கட்சி, எட்டு வருஷமாக ஒரே மேசை. அவனுக்கும் கீழவையில் இதுதான் கடைசி வருஷம், ஆனால் மேலவைக்கு நிற்கப்போகிறான். அவர்கள் இருவர் தொகுதியும் சேர்ந்ததுதான் அந்த மேலவைத் தொகுதி. நிற்கட்டும் என்று வெர்னாதான் முதலில் கை கொடுத்தாள்.

"நாப்பத்து மூணு ஓட்டு எண்ணி வச்சிருக்கேன் க்ளிஃப். முப்பத்தாறு போதும்."

"அட, அம்பது விழும் பாரு. ஆனா ஒண்ணு, உனக்கு இது முதல் மசோதா. சும்மா விட்ருவோமா?"

"டேய், எனக்கு அறுபத்தொண்ணு வயசு. அந்தக் கூத்தெல்லாம் சின்னப் பசங்களோட வச்சுக்கோ."

"வழக்கம்னா வழக்கம்தான். புதுப் பொண்ணு நீ!"

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய முதல் மசோதா வந்தாலும் எல்லாரும் கிறுக்குத்தனமாகக் கேள்வி கேட்பார்கள். ஓட்டெடுப்பு வந்ததும் மொத்தச் சபையும் சிவப்புப் பொத்தானை அழுத்தும். சுவரில் இருக்கும் பெரிய பலகையில் மசோதாக்காரரைத் தவிர எல்லார் பெயருக்கு நேராகவும் சிவப்பு விளக்கு எரியும், மசோதாக்காரர் முகம் வெளிறும். எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் பச்சைக்கு மாற்றுவார்கள். பலகையை மூடும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அப்புறம் கைத்தட்டல். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

பதினொன்றே முக்காலுக்கு அவள் மசோதா வந்தது. க்ளிஃப் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறான் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

"மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, சைரனுக்குப் பதிலா போல்கா டான்ஸ் பாட்டுப் போட இந்த மசோதாவுல வழி இருக்கா?"

"இல்லை" என்றாள் வெர்னா.

"என் மாமியார ஏத்திக்கிட்டுப் போறதோட சரி, திருப்பிக் கொண்டுவராம இருப்பாங்களா?"

சபை குலுங்கியது. வெர்னாவும் சிரித்துவைத்தாள், சிரிக்காவிட்டால் முசுடு என்பார்கள். பேச எழுதிவைத்திருந்ததில் பாதியைத்தான் பேச முடிந்தது. நெஞ்சுவலி வந்த ஒருவரை ஐம்பத்திரண்டு மைல் தூரத்து வண்டிக்காகக் காத்திருக்கச் சொல்ல முடியுமா என்று கேட்கும் இடத்தில் ஒருவர் கோழி மாதிரிக் கொக்கரித்தார். அவள் காகிதத்தை மடித்து உட்கார்ந்துவிட்டாள். பரவாயில்லை, ஓட்டு விழுந்தால் சரி என்று எரிச்சலை மென்று விழுங்கினாள்.

ஓட்டெடுப்பு மணி அடித்தது. பலகை முழுக்கச் சிவப்பு, அவள் ஒருத்தி பெயருக்கு நேராக மட்டும் பச்சை. ஆளாளுக்கு மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சபாநாயகர் இருக்கையில் இருந்தது ரேண்டல் ட்வைட். இறந்துபோன ஒரு உறுப்பினரின் இடத்துக்கு இரண்டு வாரம் முன்னால்தான் வந்தவன். புதியவன் ஒரு மணி நேரம் சபையை நடத்தட்டும் என்று சபாநாயகர் பெருந்தன்மையாகச் சுத்தியலைக் கொடுத்துவிட்டுக் கீழே உறுப்பினர் வரிசைக்குப் போயிருந்தார். அவனுக்கு இந்த வழக்கத்தைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரையும் பார்த்துத் தானும் சிவப்பை அழுத்திவிட்டு, எழுபது விளக்கும் எரிந்ததைப் பார்த்தான். கையில் இருந்த சீட்டைப் பார்த்து, "அனைவரும் வாக்களித்துவிட்டீர்களா? மாற்றுவோர் உண்டா?" என்று கேட்டான். அந்தச் சிரிப்பில் அது யார் காதில் விழும்? சுத்தியல் விழுந்தது.

"ஆதரவு ஒன்று, எதிர்ப்பு அறுபத்தொன்பது. மசோதா தோற்றது. மதிய உணவுக்காகச் சபை ஒன்றரை மணி வரை ஒத்திவைக்கப்படுகிறது."

சிரிப்பு பாதியில் நின்றது. யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"டேய் ரேண்டல், என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். ட்வைட் சுத்தியலைப் பிடித்தபடியே நின்றான். பாவம், அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

விதிப்புத்தகத்தை வெர்னா மனப்பாடமாக வைத்திருந்தாள். தோற்ற மசோதாவை அன்றைக்கே மறுபடி எடுக்கலாம். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவராக இருக்க வேண்டும். அந்தச் சபையில் அறுபத்தொன்பது பேர் ஜெயித்த பக்கம். அதைக் கேட்கவே முடியாத ஒரே ஆள் அவள்தான்.

"நான் கேக்கறேன்" என்றான் க்ளிஃப். அவனுக்கு வேர்த்திருந்தது. "என் தப்பு வெர்னா. ஒன்றரைக்கு முதல் வேலை அதுதான். நீ போய்ச் சாப்பிடு."

அவளுக்குச் சாப்பாடு இறங்குமா? மண்டபத்தில் பன்றி வளர்ப்போர் சங்கம் எல்லாருக்கும் விருந்து வைத்திருந்தது. கறியும் ரொட்டியுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு உறுப்பினர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையோடு இன்னொரு ஆளும் நகர்ந்துகொண்டிருந்தார். பட்டணத்து ஆம்புலன்ஸ் ஊழியர் சங்கத்துக்காக ஓட்டுத் திரட்டச் சட்டமன்றத்தைச் சுற்றுகிறவர். மாதக் கணக்காக இந்த மசோதாவை எதிர்த்துப் பார்த்துவிட்டு, தோற்கப்போகிறோம் என்று காலையில்தான் பெட்டியைக் கட்டியவர். இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் நின்று அவர் சொன்னது வெர்னாவின் காதிலேயே விழுந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். எதுக்கும் கை தூக்க வேணாம். ஏற்கெனவே சிவப்புல இருக்கீங்க, அப்படியே இருந்துட்டாப் போதும். கேட்டா வழக்கம்னு சொல்லிக்கலாம்."

அவள் வரிசையோடு போய் ஒவ்வொருவரையும் பிடித்தாள். "கவலையே படாதீங்க" என்றார்கள், வாயில் கறி இருந்ததால் சரியாகப் புரியவில்லை.

ஒன்றரைக்கு உண்மையான சபாநாயகர் வந்து உட்கார்ந்தார். க்ளிஃப் சொன்னபடியே எழுந்து மறுபரிசீலனை கேட்டான், கேலிக்கு மன்னிப்பும் கேட்டான், குரல் தழுதழுத்தது. ஒருமித்து ஒத்துக்கொண்டார்கள். மறுபடி மணி அடித்தது.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. பலகை காலையில் விட்ட சிவப்பிலேயே திறந்தது, அதில் பச்சை ஒவ்வொன்றாக விழுந்தது. இருபது. இருபத்தெட்டு. ட்வைட் முதல் ஆளாகப் பச்சை போட்டிருந்தான். முப்பத்து மூன்று. முப்பத்தைந்து.

அங்கே நின்றுவிட்டது.

சபாநாயகர் நல்ல மனுஷர், பலகையை மூடவில்லை. "மாற்றுவோர் உண்டா?" என்று நான்கு முறை கேட்டார். வெர்னா பலகையை மேலிருந்து கீழாகப் படித்தாள். சிவப்பில் இருந்தவர்களில் எட்டுப் பேர் அவளிடம் சத்தியம் பண்ணியவர்கள். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தாள். ஒருவர் கைபேசியைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் கண்ணாடியைத் துடைத்தார். அந்த எட்டும் யார் யார் என்று விரல்விட்டு எண்ணினாள். ஏழுதான் வந்தது. மறுபடி எண்ணினாள். அவள் பார்க்கவே நினைக்காத பெயர் ஒன்று இருந்தது.

ஆஸ்டர்ஹவுஸ். சிவப்பு.

அவன் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், இரண்டு கையையும் மேசைமேல் கோத்துக்கொண்டு. பொத்தான் அவன் கட்டைவிரலுக்கு நான்கு அங்குலத்தில் இருந்தது.

"க்ளிஃப்" என்றாள் மெதுவாக. "உன் பொத்தான் வேலை செய்யலையா?"

அவன் நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேலை செய்யுது வெர்னா."

சுத்தியல் விழுந்தது. முப்பத்தைந்து, முப்பத்தைந்து. சமம் வந்தால் மசோதா தோற்றது.

"மறுபடி எடுக்கணும்னு நான்தானே கேட்டேன்" என்றான் க்ளிஃப். "என் பங்குக்கு அதச் செஞ்சேன். அந்தச் சங்கம் எனக்கு எதிரா வேலை செஞ்சா பட்டணத்து ஓட்டு போச்சு. நான் மேலவைக்கு நிக்கறேன்ல? அங்க போய் உனக்கு இத முடிச்சுக் குடுக்கறேன், பாரேன்."

வெர்னாவுக்கு அழுகை வரவில்லை. அறையலாம் போலிருந்தது, எட்டு வருஷமும் சேர்த்து அறையலாம் போலிருந்தது. எதிரி குத்தியிருந்தால் சரி என்று எடுத்துக்கொண்டிருப்பாள். இவன் காலையில் இவளைப் புதுப் பெண் என்றவன்.

எழுந்து படியிறங்கித் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். வேட்புமனு கொடுக்க இன்னும் ஒன்பது நாள் அவகாசம் இருந்தது. முகப்பில் இருந்த பெண் படிவத்தை நீட்டி, "எந்தப் பதவிக்கும்மா?" என்று கேட்டாள்.

"மேலவை. ஆஸ்டர்ஹவுஸ் நிக்கறாரே, அதே இடம்."

பேனா குத்திக் காகிதம் கிழிந்தது. இன்னொரு படிவம் வாங்கி, முடித்துக் கொடுத்துவிட்டு லாய்டைப் போனில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"வீட்டுக்கு வந்துடறேன்னு சொன்னியேம்மா" என்றான் லாய்டு.

"சொன்னேன்."

"ஜெயிச்சா?"

"இன்னும் நாலு வருஷம் இதே கட்டடம், இதே மூஞ்சிங்க."

"தோத்தா?"

"வீட்டுக்கு வந்துடுவேன்" என்றாள் வெர்னா. "ரெண்டுல எது ஆனாலும் ஜூலை ஒண்ணாந்தேதி நம்மூர்ல வண்டி கிடையாது லாய்டு. இத நீதான் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லணும். என்னால சொல்ல முடியாது."